வாய்க்குழாயா, தொண்டைத் துளையா, இரண்டும் வேண்டாமா: வென்டிலேட்டரில் ஒரு வாரம் கடந்த பின் குடும்பம் எடுக்க வேண்டிய முடிவு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வரும் மருத்துவக் கேள்விகளில் ஒன்று எப்போதும் ஏறத்தாழ ஒரே மாதிரியாகவே இருக்கிறது. வீட்டில் ஒருவர் நகரத்துப் பெரிய மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில், வாய் வழியே மூச்சுக்குழலுக்குள் போட்ட குழாயோடு, மூச்சு இயந்திரமான வென்டிலேட்டரில் இருக்கிறார். ஒரு வாரமோ பத்து நாளோ கடந்துவிட்டது. நெஞ்சில் கிருமி பிடித்திருக்கிறது என்றும், தொண்டையில் துளை போடக் கையெழுத்து வேண்டும் என்றும் மருத்துவர் கூறுகிறார். மூத்த மகன் போடலாம் என்கிறார். அம்மா கழுத்தில் கத்தி படக் கூடாது என்கிறார். ஜொகூரிலிருந்து வந்த சித்தப்பா தனியார் மருத்துவமனைக்கு மாற்றிவிடலாம் என்கிறார். முடிவு சொல்ல அவர்களுக்கு அதிக அவகாசமும் இல்லை.

தீவிர சிகிச்சைப் பிரிவில் நெடுங்காலம் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான குடும்பங்கள் கிருமித் தொற்றைப் பற்றிய அச்சத்திலேயே இந்த முடிவை எடுக்கின்றன. ஆனால் துளை போடுவதா வேண்டாமா என்பதில் தொற்றுக்கு உள்ள பங்கு சிறியது. நோயாளி இயந்திரத்தை விட்டு வெளியே வரக்கூடியவரா, வந்தால் அவரைக் கவனிக்க வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பவையே முன்னால் நிற்க வேண்டிய கேள்விகள்.

எதை வைத்து எடைபோடுவது

முதலாவது, வென்டிலேட்டர் எதற்காகத் தேவைப்பட்டது என்பது. நுரையீரல் கெட்டதாலா, மூளை அடிபட்டதாலா, மூச்சை இயக்கும் தசைகள் தளர்ந்ததாலா என்பதைப் பொறுத்து, அதே பத்தாவது நாளுக்கு மூன்று வேறு பொருள்கள் உண்டு. இரண்டாவது, அடுத்த சில நாட்களில் குழாயைக் கழற்றும் வாய்ப்பு உண்மையில் எவ்வளவு என்பது. மூன்றாவது, நோயாளி படும் வேதனையும், அவருக்குத் தரப்படும் மயக்க மருந்தின் அளவும். நான்காவது, தொற்று உட்பட ஒவ்வொரு வழியும் கொண்டுவரும் சிக்கல்கள். ஐந்தாவது, மருத்துவமனை வாசலைக் கடந்த பின் தொடங்கும் செலவும் உழைப்பும். ஆறாவதாக, பேச முடிந்திருந்தால் நோயாளி என்ன சொல்லியிருப்பார் என்பது. இதைக் கடைசியில் வைத்தது வரிசைக்காக மட்டுமே.

தொற்றைப் பற்றி முதலில் தெளிவு

வென்டிலேட்டர் பொருத்தி 48 மணி நேரத்துக்குப் பிறகு தோன்றும் நிமோனியாவையே வென்டிலேட்டர் சார்ந்த நிமோனியா என்கிறார்கள். கருவியின் காற்று அசுத்தமாக இருப்பதால் இது வருகிறது என்று பலரும் நம்புகிறார்கள். உண்மையான வழி வேறு. நலமாக இருக்கும் ஒருவர் தொண்டையில் இறங்கும் எச்சிலையும் சளியையும் விழுங்கிவிடுவார், அல்லது இருமித் துப்பிவிடுவார். வாய் வழியாக மூச்சுக்குழலுக்குள் குழாய் சென்றவுடன் குரல்நாண்கள் மூட முடியாமல் திறந்தே இருக்கின்றன. மயக்க மருந்தால் இருமலும் அடங்கிவிடுகிறது. குழாயின் நுனிக்கு அருகே காற்று நிரப்பிய ஒரு சிறு பலூன் இருக்கும். வாயின் கிருமிகளைச் சுமந்த எச்சில் அந்தப் பலூனுக்கு மேலே தேங்கி, அதன் சுருக்கங்கள் வழியே சொட்டுச் சொட்டாக நுரையீரலுக்குள் கசிகிறது. குழாயின் உட்சுவரிலும் கிருமிகள் ஒரு படலமாகப் படிந்துகொள்கின்றன.

ஆகவேதான் படுக்கையின் தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி வரை உயர்த்தி வைக்கிறார்கள். பலூனின் அழுத்தத்தை 20 முதல் 30 சென்டிமீட்டர் நீர் அழுத்த அளவுக்குள் வைத்திருக்கிறார்கள். அது குறைந்தால் எச்சில் கசியும். கூடினால் மூச்சுக்குழல் சுவரின் இரத்த ஓட்டம் தடைபட்டு, பின்னாளில் அந்த இடம் சுருங்கிப்போகும். வாய்ச் சுத்தம் மிக முக்கியம். முன்பு குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினியால் வாயைத் துடைப்பது எங்கும் வழக்கமாக இருந்தது. 2022-இல் வெளியான அமெரிக்க மருத்துவமனைத் தொற்றுத் தடுப்பு வழிகாட்டுதல் அதைக் கைவிட்டு, பல் துலக்கும் தூரிகையால் துலக்கிவிடுவதையே பரிந்துரைத்தது. இவை எல்லாவற்றையும் விடப் பெரிய தடுப்பு, தேவைக்கு மேல் ஒரு நாள்கூடக் குழாயை உள்ளே விடாதிருப்பது.

குடும்பங்களை மிகவும் கலங்கடிக்கும் இன்னொரு செய்தி, ‘சளிப் பரிசோதனையில் அசினெட்டோபாக்டர் வந்திருக்கிறது’ என்பது. ஆசிய நாடுகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் அசினெட்டோபாக்டர், சூடோமோனாஸ், கிளெப்சியெல்லா ஆகியவை அடிக்கடி காணப்படும் கிருமிகள். ஆனால் கிருமி சளியில் குடியிருப்பது வேறு, நுரையீரலைத் தாக்கி நோய் உண்டாக்குவது வேறு. காய்ச்சல், சீழ் போன்ற சளி, கூடிவரும் ஆக்சிஜன் தேவை, எக்ஸ்ரேயில் புதிய நிழல் ஆகியவை சேர்ந்து வந்தால்தான் அது நிமோனியா. வெறுமனே குடியிருக்கும் கிருமிக்கு மருந்து கொடுத்தால் மேலும் வலிய கிருமி உருவாகலாம். பெரும்பாலான மருந்துகளை எதிர்த்து நிற்கும் அசினெட்டோபாக்டருக்குத் தரப்படும் கொலிஸ்டின் போன்ற மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது. எனவே, ‘கிருமி இருந்தும் ஏன் மருந்து தரவில்லை’ என்று சண்டைக்குப் போகும் முன், ‘இது குடியிருப்பா, நோயா’ என்று கேட்பது நல்லது. நோய்தான் என்றால், பொதுவாக ஏழு நாள் மருந்து போதும் என்பதே இன்றைய வழிகாட்டுதல்.

இங்கே ஒரு வார்த்தை. கோயிலிலிருந்து கொண்டுவரும் விபூதியை நெற்றியில் இட்டுவிடுவதால் எந்தக் கேடும் இல்லை; தாதியர் பெரும்பாலும் தடுக்கவும் மாட்டார்கள். தீர்த்தத்தை உதட்டில் ஊற்றுவதை மட்டும் தவிர்க்க வேண்டும். விழுங்க முடியாத தொண்டையில் இறங்கும் எந்தத் தண்ணீரும் அந்தப் பலூனுக்கு மேல்தான் போய் நிற்கும்.

முதல் வழி: வாய்க்குழாயோடு இன்னும் சில நாள் பொறுப்பது

பொறுப்பது என்றால் கையைக் கட்டிக்கொண்டு இருப்பது என்று பொருளல்ல. ஒவ்வொரு நாளும் மயக்க மருந்தை நிறுத்தி நோயாளியை விழிக்கவைத்துப் பார்க்க வேண்டும். உடல்நிலை இடம் கொடுத்தால், கருவியின் உதவியைக் குறைத்து அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை அவர் தாமாக மூச்சு விடுகிறாரா என்று சோதிக்க வேண்டும். இந்தச் சோதனை நடக்கிறதா, அதன் விளைவு நாளுக்கு நாள் முன்னேறுகிறதா என்பதே இந்த வழியை எடைபோடும் கல். நேற்றைவிட இன்று ஆக்சிஜன் தேவை குறைந்திருக்கிறது, கண் திறந்து கைப்பிடிக்கிறார், இருமுகிறார் என்றால், பத்தாவது நாளாக இருந்தாலும் பொறுப்பதற்குக் காரணம் உண்டு.

இதற்கு ஆய்வுகளின் துணையும் உண்டு. பிரிட்டனில் 909 நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2013-இல் வெளியான டிராக்மேன் ஆய்வில், ஒரு பிரிவினருக்கு நான்கு நாட்களுக்குள் தொண்டைத் துளை போடப்பட்டது. மற்றப் பிரிவினருக்குப் பத்து நாள் கடந்த பின், அப்போதும் தேவைப்பட்டால் மட்டுமே போடுவது என்று வைத்துக்கொண்டார்கள். முப்பது நாளில் இறந்தவர்கள் முதல் பிரிவில் 30.8 விழுக்காடு, இரண்டாம் பிரிவில் 31.5 விழுக்காடு, வேறுபாடே இல்லை எனலாம். ஆனால் இரண்டாம் பிரிவில் துளை போடப்பட்டவர்கள் 44.9 விழுக்காட்டினர் மட்டுமே. மற்றவர்களில் பலர் அதற்குள் தேறிவிட்டார்கள், சிலர் இறந்துவிட்டார்கள். யாருக்கு நெடுநாள் கருவி தேவைப்படும் என்பதை முதல் சில நாட்களில் கணிக்க அனுபவமுள்ள மருத்துவர்களாலும் முடிவதில்லை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

இந்த வழியின் மறைவான விலை நோயாளியின் உடலில் எழுதப்படுகிறது. வாய்க்குழாயைப் பொறுத்துக்கொள்ள மயக்க மருந்து வேண்டும்; மயக்கத்தில் கிடப்பவரின் கைகால் தசைகளும், மூச்சை இழுக்கும் உதரவிதானமும் நாளுக்கு நாள் மெலிகின்றன. உதரவிதானம் மெலிவது ஓரிரு நாட்களிலேயே தொடங்கிவிடுகிறது. விழித்த பின் சித்தப் பிரமை, படுக்கைப்புண், கால் இரத்தக்குழாயில் இரத்தக் கட்டி, குழாய் அழுத்திய உதட்டிலும் நாக்கிலும் புண், கழற்றிய பின் கரகரத்த குரலும் விழுங்குவதில் சிரமமும் வரலாம். அவசரப்பட்டுக் கழற்றினாலும் ஆபத்து உண்டு: கழற்றப்பட்டவர்களில் பத்து முதல் இருபது விழுக்காட்டினருக்கு மீண்டும் குழாய் போட வேண்டியிருக்கிறது, அப்படி மீண்டும் போடுவதே நிமோனியாவின் வாய்ப்பைக் கூட்டுகிறது.

இந்த வழி யாருக்கு ஏற்றது? நுரையீரலே நோயின் இடமாக இருந்து, அந்த நோய் தேறக்கூடியதாகவும் இருப்பவர்களுக்கு. நம் பகுதியில் செம்பனைத் தோட்டத்தில் எலியின் சிறுநீர் கலந்த நீரால் வரும் லெப்டோஸ்பைரோசிஸ், நீரிழிவு உள்ளவர்களை ஈர மண்ணிலிருந்து தாக்கும் மெலியோய்டோசிஸ், கடும் நிமோனியா ஆகியவற்றால் கருவியில் ஏறியவர்கள் இந்த வகையில் அடங்குவார்கள். சரியான மருந்து கிடைத்து நுரையீரல் தெளியத் தொடங்கிவிட்டால், கழுத்தில் துளை இல்லாமலே அவர்கள் வீடு திரும்பக்கூடும்.

இரண்டாம் வழி: தொண்டையில் துளை

டிரக்கியாஸ்டமி என்பது குரல்வளைக்குக் கீழே, கழுத்தின் முன்புறத்தில் ஒரு சிறு துளை வழியாக மூச்சுக்குழலுக்குள் குட்டையான குழாய் வைப்பது. இன்று பல இடங்களில் இதை அறுவைக்கூடத்துக்குக் கொண்டுபோகாமல், படுக்கையருகிலேயே ஊசி வழியாகத் துளையைச் சிறிது சிறிதாக விரித்துச் செய்கிறார்கள். நம் அம்மாக்கள் அஞ்சுவதுபோல் இது குரலை அறுத்துவிடும் சிகிச்சை அல்ல. குரல்நாண்கள் துளைக்கு மேலே பத்திரமாக இருக்கின்றன. காற்று அவற்றின் வழியே போகாததால்தான் பேச்சு வருவதில்லை. நோயாளி தேறிய பின் பலூனின் காற்றை முழுவதும் இறக்கிவிட்டு, பேச்சு வால்வு ஒன்றைப் பொருத்தினால் பலருக்குப் பேச்சு திரும்புகிறது. பலூன் நிரம்பியிருக்கும்போது அந்த வால்வை மாட்டினால் மூச்சை வெளிவிட வழியே இருக்காது என்பதை, வீட்டில் கவனிப்பவர்கள் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். குழாய் இனித் தேவையில்லை என்று எடுத்துவிட்டால், துளை பெரும்பாலும் சில நாளிலோ சில வாரத்திலோ தானாகவே மூடிக்கொள்ளும்.

இதனால் கிடைக்கும் பயன் என்ன? வாய் விடுபடுகிறது, மயக்க மருந்து வெகுவாகக் குறைகிறது, நோயாளியை உட்காரவைக்கலாம், சளியை எளிதாக உறிஞ்சி எடுக்கலாம், கருவியிலிருந்து சில மணி நேரம் விலக்கி, மீண்டும் இணைத்து, மெல்ல மெல்லப் பழக்கலாம். தோற்றாலும் மீண்டும் வாயில் குழாய் போட வேண்டியதில்லை.

தொற்று குறையும் என்ற வாக்குறுதியைப் பொறுத்தவரை, நான் பார்த்தவரையில் குடும்பத்திடம் அது சற்று மிகைப்படுத்தியே சொல்லப்படுகிறது. 2010-இல் வெளியான ஓர் இத்தாலிய ஆய்வில், ஆறு முதல் எட்டு நாட்களுக்குள் துளை போடப்பட்டவர்களில் 14 விழுக்காட்டினருக்கும், 13 முதல் 15 நாட்களில் போடப்பட்டவர்களில் 21 விழுக்காட்டினருக்கும் நிமோனியா வந்தது. பார்வைக்கு இது பெரிய வேறுபாடு. ஆனால் புள்ளியியல் கணக்கில் தற்செயல் என்று ஒதுக்க முடியாத அளவை அது எட்டவில்லை. காரணம் விளங்கக்கூடியதே. துளை வழியாகப் போனாலும் குழாய்க்குப் பலூன் உண்டு, பலூனுக்கு மேல் எச்சில் தேங்கத்தான் செய்யும். அதோடு, மூக்கு செய்துவந்த வடிகட்டும் வேலையும் ஈரப்படுத்தும் வேலையும் நின்றுவிடுகின்றன. கழுத்துத் துளையே கிருமிக்கு ஒரு புதிய வாசலாகிறது. ஆகவே ‘கிருமி பிடித்துவிட்டது, அதனால் துளை’ என்ற காரணம் தனியாக நிற்காது. ‘இன்னும் நெடுநாள் கருவியோ சளி உறிஞ்சுவதோ தேவைப்படும், அதனால் துளை’ என்பதே நிற்கும் காரணம்.

உடனடிச் சிக்கல்களில் இரத்தக்கசிவும், முதல் ஒரு வாரத்தில் குழாய் நழுவி வெளியே வந்துவிடுவதும் முக்கியமானவை. புதிய துளை பாதையாக உறுதிப்படும் முன் குழாய் நழுவினால், மறுபடி நுழைப்பது கடினம். ஆகவே அந்த நாட்களில் நோயாளி மருத்துவமனையிலேயே இருப்பார். பிற்பாடு வரும் ஆபத்து பெரும்பாலும் ஒன்றே: உலர்ந்த சளியால் குழாய் அடைத்துக்கொள்வது. மூச்சுக்குழல் சுருங்கிப்போவதும் உண்டு. மிக அரிதாக, குழாய் அருகிலுள்ள பெரிய இரத்தக் குழாயை அரித்துக் கடும் இரத்தப்போக்கை உண்டாக்கலாம். வாரங்கள் கழித்துத் துளையிலிருந்து திடீரென்று சிவந்த இரத்தம் வந்தால், சிறிதளவானாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இந்த வழியின் உண்மையான விலை வீட்டில்தான் தெரியவரும். தாமாக மூச்சு விட்டாலும் துளை மூடப்படாத நிலையில் வீடு திரும்பும் ஒருவருக்குச் சளி உறிஞ்சும் இயந்திரம் வேண்டும், உறிஞ்சுகுழாய்கள் தொடர்ந்து வாங்க வேண்டும், துளைக் குழாயின் உள்ளே செருகியிருக்கும் உட்குழாயை நாள்தோறும் கழுவ வேண்டும், பொதுவாக மாதம் ஒரு முறை குழாயை மாற்ற மருத்துவமனை போக வேண்டும். அதே அளவில் ஒன்றும் ஓர் அளவு சிறியதாக ஒன்றும் மாற்றுக் குழாய்கள் படுக்கையருகில் எப்போதும் இருக்க வேண்டும். இரவில் இரண்டு மூன்று முறை எழுந்து சளி எடுக்க வேண்டியிருக்கலாம்; ஒவ்வொரு முறையும் பத்து பதினைந்து வினாடிக்கு மேல் உறிஞ்சக் கூடாது. விடியும் முன்பே ரப்பர் பால் வெட்டுக்கோ காவல் வேலைக்கோ கிளம்பும் வீட்டில் இதைச் செய்வது யார்? அநேகமாக மனைவியோ மகளோ வேலையை விடுகிறார்கள். மருத்துவமனைக் கட்டணத்தைக் கணக்குப் பார்க்கும் குடும்பம் இந்தச் சம்பள இழப்பைக் கணக்கில் எழுதுவதே இல்லை.

வீடும் பார்க்கப்பட வேண்டும். மழையோடு மின்சாரம் போகும் லயத்து வீடுகளில், மின்சாரம் இல்லாமல் காலால் அல்லது கையால் இயக்கும் உறிஞ்சுகருவி ஒன்று கட்டாயம் வேண்டும். சாம்பிராணிப் புகை, கொசுவர்த்தி, குப்பை எரிக்கும் புகை, சிகரெட், ஆண்டில் சில மாதம் வரும் புகைமூட்டம் ஆகிய எதையும் வடிகட்ட அந்தத் துளைக்கு மூக்கு இல்லை. முகப்பவுடரும், அருகில் நின்று உதறும் விபூதியும்கூட உள்ளே போகும். குளிப்பாட்டும்போது ஒரு குவளைத் தண்ணீர் துளைக்குள் இறங்கினால் போதும், ஆபத்துக்கு வேறொன்றும் வேண்டாம்.

உதவிகள் இல்லாமல் இல்லை, கேட்பவர்களுக்குத்தான் கிடைக்கின்றன. மருத்துவமனையின் சமூகநலப் பிரிவு கருவிகளுக்கான உதவிக்கு விண்ணப்பிக்க வழிகாட்டும். அரசு சுகாதாரக் கிளினிக்குகளின் வீட்டுவருகைச் சேவையில் தாதியர் படுக்கையில் இருப்பவர்களை வீட்டிலேயே வந்து பார்ப்பதுண்டு. படுக்கையில் கிடக்கும் நோயாளியைக் கவனிப்பவருக்குச் சமூகநல இலாகாவின் மாதாந்திர உதவித்தொகை இருக்கிறது. வேலையிடத்திலோ வேலைக்குப் போகும் வழியிலோ நேர்ந்த விபத்தென்றால், தொழிலாளர் சமூகக் காப்புறுதி அமைப்பான சொக்சோவுக்கு மனுச் செய்ய வேண்டும். இந்த மனுக்களை நோயாளி வீடு வந்த பின் தொடங்குவதைவிட, வார்டில் இருக்கும்போதே தொடங்குவது நல்லது.

துளை யாருக்குப் பொருந்தும்? கழுத்து எலும்பு உடைந்து மூச்சுத் தசைகள் செயலிழந்தவர்களுக்கு, பொறுப்பதில் பயன் குறைவு. அவர்களுக்கு முன்கூட்டியே போடுவது நியாயம். செம்பனைக் குலை தலையில் விழுந்தோ, மோட்டார் சைக்கிள் விபத்திலோ மூளை அடிபட்டவர்களின் நிலை வேறு. நுரையீரல் நன்றாகவே இருக்கும். ஆனால் எச்சிலை விழுங்கவும் இருமவும் உணர்வில்லாததால் மூச்சுப்பாதைக்குக் காவல் தேவைப்படுகிறது. இவர்களுக்குத் துளை பயனுள்ளது என்றாலும், அதைப் போட்டதால் மூளை தேறும் என்று எதிர்பார்க்கக் கூடாது. கடும் பக்கவாதம் கண்ட 382 பேரிடம் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் நடத்தப்பட்டு 2022-இல் வெளியான ஆய்வில், ஐந்து நாட்களுக்குள் போட்டாலும் பத்து நாளுக்குப் பின் போட்டாலும் ஆறு மாதத்தில் பெரிய ஊனமின்றி வாழ்ந்தவர்களின் விகிதம் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. அவசரம் இல்லை என்பதே அதிலிருந்து குடும்பம் எடுத்துக்கொள்ள வேண்டியது.

மூன்றாம் வழி: கழற்றிவிட்டு முகமூடி

இது சிலருக்கு மட்டுமே உரிய வழி. பல ஆண்டு புகைபிடித்து நுரையீரல் தளர்ந்தவர்களுக்கு, குழாயைக் கழற்றியவுடனேயே இறுக்கமான முகமூடி வழியாகக் காற்றழுத்தம் கொடுப்பது மறுபடி குழாய் போடும் தேவையைக் குறைக்கிறது. குழாய் இல்லாததால் தொற்றின் வாய்ப்பும் குறைவு. ஆனால் நோயாளி விழிப்போடும் ஒத்துழைப்போடும் இருக்க வேண்டும், சளியைத் தாமாக இருமித் துப்ப வேண்டும். கழற்றிய பின் மூச்சு திணறத் தொடங்கிய ஒருவருக்கு, ‘மறுபடி குழாய் வேண்டாம், முகமூடியோடு பார்ப்போம்’ என்று குடும்பம் வற்புறுத்துவது தவறு. அந்தத் தாமதமே உயிருக்கு ஆபத்தாக முடியலாம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

நான்காம் வழி: கருவியை நீட்டிக்காமல் அமைதிக்கான மருத்துவம்

இதைப் பேசவே வீடுகளில் தயக்கம். பேசினால் உயிரைக் கைவிட்டதாக உறவினர் சொல்வார்கள் என்ற பயமும் உண்டு. ஆனாலும் முற்றிய புற்றுநோய், பல உறுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செயலிழந்த நிலை, மூளை மீளாத சேதம் அடைந்த நிலை ஆகியவற்றில், துளை என்பது வாழ்வை நீட்டுகிறதா, இறப்பை நீட்டுகிறதா என்று கேட்பதே அன்பு. மூச்சுத்திணறலுக்கு மார்ஃபின் போன்ற மருந்துகளால் நல்ல நிவாரணம் தர முடியும். மருத்துவம் நிற்பதில்லை, அதன் நோக்கம் மாறுகிறது.

தோட்டப்புறக் குடும்பங்களில் கடைசி மூச்சு வீட்டில் பிரிய வேண்டும் என்ற விருப்பம் இன்னும் வலுவாக இருக்கிறது. அதற்காக அவசரமாக ‘ஏ.ஓ.ஆர்.’ கையெழுத்திட்டு அழைத்துப்போவது நடக்கிறது. மருத்துவர் ஆலோசனைக்கு எதிராகச் சொந்தப் பொறுப்பில் போகும் அந்த வழியில், வேதனைக்கான மருந்தோ வழிகாட்டுதலோ இல்லாமல் வீட்டில் ஓர் இரவு முழுவதும் தவிக்க நேரலாம். அதே விருப்பத்தை மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லி, வலிநிவாரணக் குழுவின் துணையோடு, மருந்தும் கடிதமும் பெற்றுத் திட்டமிட்டு அழைத்துப்போவது வேறு. வீட்டில் மரணம் நேர்ந்தால் முறைப்படி அறிவித்து இறுதிச் சடங்குக்கான அனுமதி பெற வேண்டும். மருத்துவமனையின் கடிதம் கையில் இருந்தால் துக்க வீட்டில் அந்த அலைச்சல் குறையும்.

பக்கத்தில் வைத்துப் பார்க்க

| அளவுகோல் | வாய்க்குழாயோடு பொறுத்தல் | தொண்டைத் துளை | அமைதிக்கான மருத்துவம் |
|---|---|---|---|
| மயக்க மருந்து | அதிகம் | குறைவு | வேதனை தணியும் அளவுக்கு |
| நிமோனியா வாய்ப்பு | நாள் கூடக் கூடும் | சற்றுக் குறையலாம், உறுதியில்லை | முடிவைத் தீர்மானிக்கும் காரணமல்ல |
| பேச்சு | இல்லை | தேறிய பின் வால்வால் முடியும் | கழற்றிய பின் சிலருக்குச் சில சொற்கள் |
| வீட்டுச் சுமை | கழன்றுவிட்டால் மிகக் குறைவு | மிக அதிகம், மாதக்கணக்கில் | குறுகிய காலம், மனச்சுமை பெரிது |
| பொருந்தும் நிலை | நுரையீரல் தெளிந்து வருகிறது | கழுத்து, மூளை பாதிப்பு. தேறுவது மெதுவானது | மீள வழியில்லாத நோய் |

முகமூடி வழி ஒரு சிலருக்கே உரியது என்பதால் அதைச் சேர்க்கவில்லை.

தனியார் மருத்துவமனைக்கு மாற்றினால்

சித்தப்பாவின் யோசனைக்கும் பதில் சொல்ல வேண்டும். தனியார் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நாளுக்கே ஆயிரக்கணக்கான வெள்ளி (ரிங்கிட்) ஆகும். சேர்க்கும்போதே முன்பணம் கட்ட வேண்டும். வென்டிலேட்டர் நோயாளியை ஆம்புலன்சில் ஏற்றுவதிலேயே குழாய் நழுவுவது, ஆக்சிஜன் இறங்குவது போன்ற ஆபத்துகள் உண்டு. பணம் பாதியில் தீர்ந்துவிட்டால் அரசு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் படுக்கைக்கு மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். இங்கே இல்லாத ஒரு குறிப்பிட்ட சிகிச்சை அங்கே இருக்கிறது என்று மருத்துவரே சொன்னால் ஒழிய, தொற்றுக்குப் பயந்து மாற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கிருமிகள் தனியார் பிரிவுகளிலும் இருக்கின்றன.

கையெழுத்துக்கு முன்

இரண்டு வழிகளும் சமமாகத் தோன்றி முடிவெடுக்க முடியாமல் நிற்கும் குடும்பத்துக்கு, மருத்துவரோடு சேர்ந்து ஒரு கால வரையறை வைத்துக்கொள்வதே நான் அறிந்த நல்ல நடைமுறை. ‘இன்னும் நான்கு நாள் வாய்க்குழாயோடு பார்ப்போம், அதற்குள் ஆக்சிஜன் தேவை இவ்வளவு குறைந்து, அரை மணி நேரம் தாமாக மூச்சு விட்டால் கழற்ற முயல்வோம், இல்லாவிட்டால் துளைக்குச் சம்மதிக்கிறோம்’ என்று அடையாளங்களோடு பேசிவைத்துக்கொண்டால், ஒவ்வொரு நாளும் அதே வாக்குவாதம் எழாது. துளைக்கும் இதே முறை உண்டு. போட்டு மூன்று நான்கு வாரம் கழித்தும் எந்த முன்னேற்றமும் இல்லை என்றால் மீண்டும் உட்கார்ந்து பேசலாம் என்பதை முதலிலேயே கேட்டுவைக்கலாம். ஒருமுறை சம்மதித்துவிட்டால் எல்லாக் காலத்துக்கும் எல்லாச் சிகிச்சைக்கும் சம்மதித்ததாக ஆகாது.

மருத்துவரிடம் பேச ஒருவரையே குடும்பம் நியமிப்பதும் அவசியம். வருகை நேரத்தில் ஆளுக்கொரு கேள்வியாக, தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் கேட்டு, ஆளுக்கொரு பதிலோடு வீடு திரும்புவதால்தான் பாதிச் சண்டைகள் உண்டாகின்றன. அந்த ஒருவர் மொழி தெரிந்தவராக இருப்பதைவிட, இரவில் எழுந்து சளி எடுக்கப் போகிறவராகவோ, அவருக்கு நெருக்கமானவராகவோ இருப்பது நல்லது. மொழிக்கு உதவ வார்டில் தமிழ் தெரிந்த தாதி யாராவது பெரும்பாலும் இருப்பார். துளைக்குச் சம்மதம் என்று முடிவானால், வீட்டுக்கு அனுப்பும் நாளுக்கு ஒரு வாரம் முன்பிருந்தே அந்தக் கவனிப்பாளர் நாள்தோறும் வார்டுக்கு வந்து, தாதியின் கண்முன்னால் தம் கையாலேயே சளி உறிஞ்சவும், உட்குழாயைக் கழுவவும், குழாய் நழுவினால் என்ன செய்வது என்பதையும் செய்துகாட்டிக் கற்றுக்கொள்ள வேண்டும். ஒருவர் மட்டும் கற்றால் போதாது. அவருக்குக் காய்ச்சல் வரும் நாளுக்காக இன்னொருவரும் கற்க வேண்டும்.